சிவில் கிராண்ட் ஜூரி லெட்டர் வந்திருக்கு, என் பேரைப் போட்டு ரிப்போர்ட் எழுதிருவாங்களா?

கணக்குப்பிள்ளை_பேஏரியா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் மொதல் தடவை எழுதறேன். கலிஃபோர்னியால ஒரு சின்ன சிட்டியில ஃபைனான்ஸ் டிபார்ட்மெண்ட்ல வேலை, ஊர் பேரு வேணாம். போன வாரம் கவுண்ட்டி சிவில் கிராண்ட் ஜூரின்னு ஒரு லெட்டர் வந்துச்சு. சிட்டில கான்ட்ராக்ட் குடுக்கற முறையைப் பத்தி விசாரிக்கறோம், வந்து பேசணும், இதை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு. கிராண்ட் ஜூரின்னு பாத்ததும் கையெல்லாம் நடுங்கிருச்சு, டிவில டிரம்ப் கேஸ்ல கேட்ட வார்த்தை இது, வீட்டுல மனைவி அதுக்கு மேல பயந்துட்டா, நம்மள உள்ள தள்ளிருவாங்களாங்கறா. நான் ஒரு தப்பும் பண்ணல, ஆனா நான் கையெழுத்துப் போட்ட பில்லு நெறைய இருக்கு. என்ன கேள்வி வேணும்னாலும் கேக்கலாமா, போகமாட்டேன்னு சொல்ல முடியுமா, முக்கியமா ரிப்போர்ட்ல என் பேரைப் போட்டு இவன் சரியில்லன்னு எழுத முடியுமா? எழுதிட்டாங்கன்னா அதை எங்க போய் அழிக்கறது? கூகுள்ல பேரைப் போட்டா அதுதான வரும் வாழ்க்கை பூரா.

சட்டப்புழு:

யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு லெட்டர் வந்தா மொத வேலையா ஃபோரம்ல போடறது நம்ம ஆளுங்க மட்டும்தான் 😄 சரி, ஊர் பேரு சொல்லல, இதோட நிறுத்திக்கோங்க, இதுக்கு மேல அந்த கான்ட்ராக்ட் விவரம் எதையும் இங்க எழுதாதீங்க.

நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆஃபீஸ்ல பாராலீகல், அதனால பொதுவா சொல்றேன். மொதல்ல ரெண்டையும் பிரிச்சுக்கோங்க. டிவில வர்றது கிரிமினல் கிராண்ட் ஜூரி. ஃபெடரல்னா பொதுமக்கள்ல 16ல இருந்து 23 பேர் உக்காருவாங்க, 12 பேர் சரின்னா இண்டைட்மெண்ட், அதாவது குற்றச்சாட்டு பதிவாகும். உங்களுக்கு வந்திருக்கறது அது இல்ல. கலிஃபோர்னியால 58 கவுண்ட்டியிலயும் வருஷா வருஷம் ஒரு ஜூரி உக்காரும், பெரும்பாலும் 19 பேரு, ரிட்டையர் ஆன டீச்சர், இன்ஜினியர், பழைய பேங்க் மேனேஜர் இந்த மாதிரி ஆளுங்க. கவுண்ட்டி, சிட்டி, ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் வேலையை ஒழுங்கா பாக்கறாங்களான்னு பாத்து ரிப்போர்ட் எழுதறதுதான் இவங்களுக்கு வேலை. ஜெயில் நிலைமையையும் போய்ப் பாக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஸ்டேட் ஏஜென்சியையும் கோர்ட்டையும் தோண்டறதுக்கு இவங்களுக்கு வேலையில்ல.

போகமாட்டேன்னு சொல்லலாமான்னா, வெறும் லெட்டர் அழைப்புதான், சப்பீனா (கட்டாயம் வரணும்ங்கற உத்தரவு) இல்ல. ஆனா வரமாட்டேன்னு சொன்னா ஜட்ஜ்கிட்டயோ கவுண்ட்டி அரசு வக்கீல் டிஏகிட்டயோ போய் சப்பீனா வாங்கிட்டு வருவாங்க, அப்புறம் போய்த்தான் ஆகணும், நீங்க ஏன் ஓடினீங்கன்னு ஒரு சந்தேகத்தையும் கூடவே கூட்டிட்டுப் போகணும். சத்தியப்பிரமாணம் வாங்கிட்டு கேட்டாங்கன்னா பொய் சொன்னா அது தனி கிரைம். தெரியாததை தெரியாதுன்னு சொல்லுங்க, யூகிச்சு சொல்லாதீங்க.

கிரிமினல் பக்கம் வந்தா கேக்கற அதிகாரம் மலை மாதிரி. சட்டம் மீறப்பட்டிருக்குன்னு சந்தேகம் வந்தாலும் விசாரிக்கலாம், மீறப்படலைன்னு உறுதி பண்ணிக்கணும்னாலும் விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 1991ல ஆர் எண்டர்பிரைசஸ் கேஸ்ல, சப்பீனாவை எதிர்க்கறவன்தான் இதுக்கும் விசாரணைக்கும் சம்பந்தமே வர வாய்ப்பில்லன்னு நிரூபிக்கணும்னுட்டாங்க. எதை விசாரிக்கறாங்கன்னே தெரியாம அவன் எப்படி நிரூபிப்பான்னு கேட்டா அதுக்கு பதில் இல்ல. கேள்விப்பட்டதை வெச்சே இண்டைட் பண்ணலாம், 1956 காஸ்டெல்லோ. போலீஸ் சட்டவிரோதமா பூந்து எடுத்த ஆதாரத்தை வெச்சும் கேள்வி கேக்கலாம், 1974 கலாண்ட்ரா. உங்களுக்கு சாதகமான ஆதாரம் பிராசிக்யூட்டர் (கேஸ் நடத்தற அரசு வக்கீல்) கையில இருந்தா அதை ஜூரிகிட்ட காட்டணும்னு கட்டாயம் கூட இல்ல, 1992 வில்லியம்ஸ், ஜட்ஜ் ஸ்கலியா எழுதின தீர்ப்பு.

எல்லை இல்லாம இல்ல. ஐந்தாவது திருத்தத்தை (தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல வேண்டாம்ங்கற அரசியல் சாசன உரிமை) சொல்லி வாயை மூடிக்கலாம், வக்கீல்கிட்ட ரகசியமா பேசினதை கேக்க முடியாது, ஏற்கனவே இண்டைட் ஆன கேஸுக்கு டிரையல் தயாரிப்பு பண்றதுக்காக மட்டும் ஜூரியை யூஸ் பண்ணக்கூடாது. ஆனா ஐந்தாவது திருத்தம் கம்பெனிக்கு கிடையாது, 1906லயே சொல்லிட்டாங்க. மனுஷனுக்கும் இம்யூனிட்டி, அதாவது சொல்றதை உங்களுக்கு எதிரா பயன்படுத்தமாட்டோம்ங்கற உறுதி, குடுத்துட்டா பேசித்தான் ஆகணும், பேசலைன்னா ஜெயில். அமெரிக்க ராணுவ ரகசியத்தை விக்கிலீக்ஸுக்கு குடுத்த செல்சி மேனிங், அந்த விஷயமா பேசமாட்டேன்னு நின்னு 2019 மார்ச்ல இருந்து நடுவுல கொஞ்ச நாள் தவிர ஒரு வருஷம் உள்ள இருந்தாங்க, மேல 2,56,000 டாலர் ஃபைன். தண்டனைன்னு பேரு இல்ல, பேச வைக்கறதுக்கான நெருக்கடியாம், என்ன பேரு வெச்சா என்ன.

ஓஹயோ_பெரியப்பா:

தம்பி, பயப்படாதீங்க. கேக்கறதைப் பத்தி சட்டப்புழு தம்பி சொல்லிட்டாரு. ரிப்போர்ட் எழுதறதுதான் உங்க கேள்வியோட மையம், அதுக்கு எங்க ஊர்ப்பக்கம் நடந்த கதை ஒண்ணு இருக்கு.

கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி கேள்விப்பட்டிருப்பீங்க. 1970 மே 4, போரை எதிர்த்து நடந்த போராட்டத்துல நேஷனல் கார்டு (ஸ்டேட் ராணுவப் படை) சுட்டு 4 பசங்க செத்தாங்க, 9 பேருக்கு காயம். நான் இங்க வந்து சேர்ந்தது அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு, அப்பவும் ஆபீஸ்ல அந்தப் பேச்சை எடுத்தா ரூமே ரெண்டாப் பிரியும். அந்த வருஷம் அக்டோபர்ல போர்டேஜ் கவுண்ட்டில ஒரு ஸ்பெஷல் கிராண்ட் ஜூரி உக்காந்து 25 பேரை இண்டைட் பண்ணுச்சு. யாரை? பெரும்பாலும் ஸ்டூடண்ட்ஸ், ஒரு புரொபசரும் உண்டு. சுட்டவங்கள்ல ஒருத்தர் பேரு கூட இல்ல. அதோட விட்டிருந்தா பரவால்ல, கூடவே ஒரு ரிப்போர்ட்டும் எழுதினாங்க: கார்டு ஆளுங்க உயிருக்கு ஆபத்துன்னு நெஜமா நம்பித்தான் சுட்டாங்க, யுனிவர்சிட்டி நிர்வாகம்தான் பசங்களை தலைமேல ஏறவிட்டுது, வாத்தியாருங்க சிலபேரு தூண்டிவிட்டாங்கன்னு. டிரையலே நடக்கல, அதுக்குள்ள யாரு குத்தவாளி யாரு உத்தமன்னு பேப்பர்ல வந்தாச்சு. நாளைக்கு ஜூரில உக்காரப்போறவன் அதைப் படிச்சிட்டுத்தான வருவான்?

ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாங்க. 1971 ஜனவரில ஜட்ஜ் வில்லியம் தாமஸ், இண்டைட்மெண்ட்டை விட்டுட்டு ரிப்போர்ட்டை மட்டும் ரெக்கார்ட்ல இருந்து நீக்கி அழிச்சிருங்கன்னு உத்தரவு போட்டாரு. குற்றம் நடந்திருக்குன்னா இண்டைட் பண்ணு, இல்லன்னா சும்மா இரு, ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து யாரு குத்தவாளின்னு கட்டுரை எழுத ஓஹயோ சட்டம் அதிகாரம் குடுக்கல, ரிப்போர்ட் சொல்றதைப் பாத்து வாத்தியாருங்க கிளாஸ்ல பேசவே பயப்படறாங்கன்னு காரணம். அப்பீல் கோர்ட்டும் சரின்னுருச்சு. அந்த 25 கேஸ்ல பெரும்பாலானதை அந்த டிசம்பர்லயே கைவிட்டுட்டாங்க. அதனால அழிக்க முடியுமான்னு கேட்டீங்களே, முடியும், அழிச்சிருக்காங்க. ஆனா அதுக்குள்ள ஊரே படிச்சு முடிச்சிருச்சு, அதுவும் உண்மை.

மாஜி_ஜூரர்_லட்சுமி:

ஹாய் சார், நான் கலிஃபோர்னியால ஒரு கவுண்ட்டில ஒரு வருஷம் சிவில் கிராண்ட் ஜூரரா இருந்தவ. உள்ள நடந்ததை சொல்லமாட்டேன், அது ஆயுசுக்கும் சொல்லக்கூடாது. முறையை சொல்லலாம். (சட்டப்படி ஒரு நாளைக்கு 15 டாலர் தருவாங்க, எங்க கோர்ட் பக்கத்து பார்க்கிங்குக்கே அது காணாது, அதனால காசுக்காக உங்களை வேட்டையாட யாரும் வரல.)

உங்க பெரிய பயத்துக்கு நேரா வர்றேன். தகவல் குடுத்தவங்க பேரையோ அவங்க யாருன்னு கண்டுபிடிக்கற மாதிரி எந்த விவரத்தையுமோ ரிப்போர்ட்ல போடக்கூடாது, பீனல் கோட் 929. ரிப்போர்ட் எல்லாத்துலயும் முன்பக்கமோ பின்பக்கமோ இந்த வாசகம் அச்சடிச்சே இருக்கும், உங்க கவுண்ட்டி சைட்ல பழசை எடுத்துப் பாருங்க. ஃபைனான்ஸ் டைரக்டர், பர்ச்சேஸிங் டிபார்ட்மெண்ட்னு பதவியை சொல்லி எழுதுவாங்க. சின்ன சிட்டில அந்தப் பதவில ஒரே ஆள்தான் இருப்பாருங்கறது வேற கதை, அது நெஜமாவே ஒரு ஓட்டை, எங்க ஜூரிலயும் இதுக்காக வரி வரியா சண்டை போட்டிருக்கோம்.

நாங்க ட்ரெய்னிங்ல மொதல் நாள் கேட்டு வெலவெலத்துப் போன செக்ஷன் 930. இண்டைட் ஆகாத ஒருத்தரைப் பத்தி ரிப்போர்ட்ல கமெண்ட் எழுதினா அதுக்கு சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஜட்ஜ் எழுதினா கேஸ் போட முடியாது, எம்எல்ஏ சபையில பேசினா கேஸ் போட முடியாது, நாங்க எழுதினா மானநஷ்ட கேஸ் போடலாம்! 1978ல ஒரு கம்பெனி ஜூரர்கள் மேலயே கேஸ் போட்டு, போடலாம்தான்னு அப்பீல் கோர்ட்டும் சொல்லியிருக்கு. அதனால எங்களுக்குத்தான் கை நடுங்கும் சார், உங்களுக்கு இல்ல.

அப்புறம் நாங்களே விசாரிச்சு கண்டுபிடிச்சதை வெச்சுத்தான் எழுதணும், போன வருஷ ஜூரி எழுதினதை எடுத்து ஒட்டக்கூடாது, ஒவ்வொரு ஃபைண்டிங்குக்கும் டாகுமெண்ட் ஆதாரம் வேணும், 19ல 12 பேர் ஓட்டுப் போடணும், பிரிசைடிங் ஜட்ஜ் பாக்கணும். நாங்க எழுதின கருத்து நல்லா இருக்கா இல்லையான்னு ஜட்ஜ் பாக்கமாட்டாரு, எங்க அதிகாரத்துக்குள்ள இருக்கான்னு மட்டும்தான் பாப்பாரு, எல்லை தாண்டியிருந்தா ஃபைல் பண்ணாம திருப்பிருவாரு. 1973 சாண்டா பார்பரா ஜூரி விஷயத்துல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. ஃப்ரெஸ்னோல ஒரு ஜூரி, ரிப்போர்ட்டோட சாட்சி சொன்னதையெல்லாம் அப்படியே வெளியிடப் பாத்தாங்க, 1988ல அதுக்கும் கோர்ட் நோ சொல்லிருச்சு. வெளிய விடறதுக்கு ரெண்டு வேலை நாள் முன்னாடி உங்க சிட்டிக்கு காப்பி வரும், அப்புறம் 90 நாளுக்குள்ள கவுன்சில் பதில் எழுதணும். ஒத்துக்கறோம், ஒத்துக்கல, ஏன் ஒத்துக்கலன்னு. பரிந்துரையை நிறைவேத்தியே ஆகணும்னு கிடையாது. பாதி சிட்டி "ஆய்வு செய்யப்படும்"னு எழுதிட்டு தூங்கப் போயிரும், அதைப் பாத்து வயிறு எரியும்.

ஒரே ஒரு பல்லு இருக்கு. வேணும்னே முறைகேடு பண்ணினார்னு தெரிஞ்சா பதவி நீக்கத்துக்கு அக்யூசேஷன் கொண்டுவரலாம், அது தனி டிரையலா நடக்கும். அபூர்வம்.

டென்வர்_பொண்ணு:

எல்லாரும் ஜூரி எல்லை தாண்டுது தாண்டுதுன்னே பேசறீங்க, எல்லைக்குள்ள கட்டிப்போட்டதால என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். நான் இருக்கற எடத்துல இருந்து அரை மணி நேரம் ராக்கி ஃப்ளாட்ஸ், அணுகுண்டுக்கு புளூட்டோனியம் ட்ரிகர் பண்ணின ஃபேக்டரி. 1989 ஜூன் 6 எஃப்பிஐ உள்ள பூந்துச்சு, கவர்மெண்ட் ஃபேக்டரிக்குள்ள கவர்மெண்ட்டே ரெய்டு. கிராண்ட் ஜூரி ரெண்டரை வருஷம் உக்காந்துச்சு, ஃபோர்மேன், அதாவது ஜூரி தலைவர், வெஸ் மெக்கின்லின்னு ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். ஜூரர்களுக்கு ஆளுங்க மேலயே கேஸ் போடணும்னு எண்ணம். பிராசிக்யூட்டர் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாரு, 1992 மார்ச்ல ஃபேக்டரியை நடத்தின ராக்வெல் கம்பெனியோட பேசி முடிச்சு 18.5 மில்லியன் டாலர் ஃபைன், ஒரு மனுஷன் மேலயும் கேஸ் இல்ல.

பிராசிக்யூட்டர் கையெழுத்து இல்லாம ஜூரி என்ன எழுதினாலும் அது இண்டைட்மெண்ட் ஆகாது, 1965ல மிசிசிப்பி கேஸ் ஒண்ணுல அப்பீல் கோர்ட் சொன்னது. (அந்தக் கேஸ்ல அது நியாயமான பக்கம், கறுப்பின மக்கள் ரெண்டு பேரைப் பொய் சாட்சின்னு மாட்டிவிடப் பாத்தாங்க, கவர்மெண்ட் வக்கீல் மறுத்தாரு. அதே ரூல் இங்க எதிர்ப்பக்கம் திரும்பிருச்சு.) சரி, கேஸ் போட முடியல, ஊருக்காவது சொல்லுவோம்னு ரிப்போர்ட் எழுதினாங்க. ஜட்ஜ் ஃபைன்சில்வர் வெளியிடமாட்டேன்னுட்டாரு. ஏன்னா 1970 சட்டப்படி ஃபெடரல் ஸ்பெஷல் கிராண்ட் ஜூரி ரிப்போர்ட் எழுதலாம், ஆனா ரெண்டே விஷயத்துக்கு: ஆர்கனைஸ்டு கிரைமோட சம்பந்தப்பட்ட அதிகாரிகளோட தப்பு, இல்ல அந்த ஏரியாவுல ஆர்கனைஸ்டு கிரைம் நிலைமை. அணுக்குப்பை அதுல வரல. அப்புறம் இங்க ஒரு வாரப்பத்திரிகைல கசிஞ்சு, 1993 ஜனவரில வெட்டி ஒட்டி பாதியை விட்டாங்க. மெக்கின்லி வெறுத்துப் போய் எலக்ஷன்ல நின்னு 2004ல ஸ்டேட் ஹவுஸுக்கே ஜெயிச்சு வந்தாரு. ரகசியத்தைக் காப்பாத்தறது யாருக்காகன்னு அவர் கேட்டாரு, நானும் கேக்கறேன்.

சட்டப்புழு:

@டென்வர்_பொண்ணு உங்க கோபம் புரியுது, ஆனா அந்தக் கதவைத் திறந்துவிட்டா கென்ட் ஸ்டேட்டும் அதே கதவு வழியாத்தான் உள்ள வரும். இண்டைட் பண்ணினா ஒருத்தனுக்கு டிரையல் இருக்கு, நான் பண்ணலன்னு நின்னு சொல்லலாம், ஜெயிக்கலாம். ரிப்போர்ட்ல எழுதிட்டா எந்த கோர்ட்ல போய் ஜெயிக்கறது? 1975ல பிரிக்ஸ் கேஸ், வியட்நாம் போருக்கு எதிரா இருந்த பழைய சோல்ஜர்ஸ் மேல ஃபுளோரிடால போட்டது, அதுல சிலரை இண்டைட் பண்ணாம சதியில கூட்டாளின்னு பேரை மட்டும் எழுதி வெச்சாங்க. அப்பீல் கோர்ட் அது அதிகாரத்தை மீறினதுன்னு சொல்லி பேரை அழிக்கச் சொல்லிச்சு.

அதே நேரம் 1974ல வாட்டர்கேட் ஜூரி எழுதினதை ஜட்ஜ் சிரிக்கா அனுமதிச்சாரு. அதுல பிரசிடெண்ட் நிக்சன் குத்தவாளின்னு ஒரு வரி கிடையாது, இந்த டேப்ல இது இருக்கு, இந்த சாட்சி இதை சொன்னாருன்னு ஆதாரத்துக்கு வழி காட்டினது மட்டும்தான், அதையும் பப்ளிக்குக்கு விடல, சீல் வெச்சு ஹவுஸ் ஜுடிஷியரி கமிட்டிக்கு போச்சு. ஊரு அதைப் பாத்தது 2018ல.

அட்லாண்டா_குமார்:

டிரம்ப் கேஸ்னு மொதல்ல சொன்னீங்களே, 2020 எலக்ஷன் முடிவை மாத்தப் பாத்தாங்கன்னு எங்க ஃபுல்டன் கவுண்ட்டில நடந்தது உங்க கேள்விக்கு சரியான உதாரணம்ணா. அது ஸ்பெஷல் பர்பஸ் கிராண்ட் ஜூரி, விசாரிக்கலாம் ரிப்போர்ட் எழுதலாம், இண்டைட் பண்ண அதிகாரமே கிடையாது. கிட்டத்தட்ட 75 சாட்சி. 2023 ஜனவரில ரிப்போர்ட் முடிஞ்சுச்சு, ஜட்ஜ் மெக்பர்னி உடனே விடல, பிப்ரவரில முன்னுரை, முடிவுரை, சில சாட்சிங்க பொய் சொன்னாங்கன்ற பகுதி மட்டும், அதுலயும் பேரு இல்லாம. பேரு இருக்கறவங்க தரப்பு இதுல கேக்கப்படவே இல்ல, ஒருதலையா இருக்குன்னாரு. ஆகஸ்ட்ல வேற ஒரு ஜூரி டிரம்ப் உட்பட 19 பேரை இண்டைட் பண்ணினப்புறம், செப்டம்பர்ல முழுசா வந்துச்சு. பாத்தா ஸ்பெஷல் ஜூரி கேஸ் போடச் சொன்னது 39 பேர் மேல, செனட்டர் லிண்ட்சே கிரஹாம் உட்பட. கேஸே இல்லாத 21 பேரு பேரு உலகம் பூரா போயிருச்சு. அந்தக் கேஸும் 2025 நவம்பர்ல தள்ளுபடி. ரிப்போர்ட் மட்டும் இன்னும் நெட்ல கெடக்கு. எனக்கு அந்த 21 பேர்ல ஒருத்தரையும் பிடிக்காது, இருந்தாலும் இது சரியான்னு கேட்டா யோசிக்கத்தான் செய்யறேன்.

பென்சில்வேனியாலயும் பாருங்க, 2018ல பாதிரியார்கள் கொழந்தைங்களை சீரழிச்சதைப் பத்தின கிராண்ட் ஜூரி ரிப்போர்ட், 300 பேருக்கு மேல பேரு, அது வரலைன்னா அந்த உண்மை வெளிய வந்திருக்கவே வந்திருக்காது. அதுலயே 11 பேரு தங்களுக்கு பதில் சொல்ல வாய்ப்பு குடுக்கலன்னு போய், அவங்க பேரை நிரந்தரமா மறைக்கணும்னு ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நல்ல பேரு ஒரு உரிமைன்னு அந்த ஸ்டேட் அரசியல் சாசனத்துலயே இருக்கு.

மதுரை_ஜூனியர்:

சார் நான் இந்தியாலதான் பிராக்டிஸ், சும்மா ஒப்பிட்டுப் பாக்க: நம்மூர் விசாரணை கமிஷன்லயும் இதே பிரச்சினை. 1952 சட்டத்துல 8பி நோட்டீஸ்னு இருக்கு, ஒருத்தர் பேரு கெடற மாதிரி எழுதப்போறீங்கன்னா அவரைக் கூப்ட்டு கேக்காம எழுதக்கூடாது. பாகல்பூர் கலவர கமிஷன் அத்வானியைப் பத்தி நோட்டீஸ் இல்லாம எழுதினது 2003ல சுப்ரீம் கோர்ட்ல நிக்கல. அங்க கிராண்ட் ஜூரிக்கு எல்லா ஸ்டேட்லயும் இந்த மாதிரி நோட்டீஸ் உண்டா?

சட்டப்புழு:

@மதுரை_ஜூனியர் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. ஃபுளோரிடால உண்டு, இண்டைட் ஆகாதவர் பேரு ரிப்போர்ட்ல இருந்தா அவருக்கு காப்பி குடுத்து 15 நாள் டைம் தரணும், அவர் அதை நீக்கச் சொல்லி மனு போடலாம். நியூயார்க்ல 1961ல கோர்ட்டே ஜூரிக்கு இப்படி ரிப்போர்ட் எழுத அதிகாரமே இல்லன்னுருச்சு, 1964ல சட்டசபை கட்டுப்பாட்டோட அதைத் திரும்பக் குடுத்துச்சு.

கணக்குப்பிள்ளை_பேஏரியா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, லட்சுமி மேடத்துக்கு ஸ்பெஷலா. மனைவிகிட்ட 929ஐயும் 930ஐயும் படிச்சுக் காட்டினேன், இப்பத்தான் சாப்பிட்டா. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியா ரெண்டு கேள்வி: கவுண்ட்டி கவுன்சல் (கவுண்ட்டியோட வக்கீல்) ஆபீஸுக்கு போன் பண்ணி ஐடியா கேக்கலாமா? பாஸ்கிட்ட சொல்லணுமா?

மாஜி_ஜூரர்_லட்சுமி:

கவுண்ட்டி கவுன்சல்கிட்ட வேண்டாம் சார், கிராண்ட் ஜூரிக்கே சட்ட ஆலோசனை சொல்றவங்கள்ல அவங்களும் ஒருத்தங்க, உங்க வக்கீல் இல்ல. சிட்டி அட்டர்னியும் சிட்டிக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்ல. மனசு கேக்கலைன்னா சொந்தமா ஒரு வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பேசிருங்க, பாஸ் விஷயத்தையும், அந்த லெட்டர்ல இருக்கற பேசாதேங்கறது எதுவரைக்கும்னும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க. விசாரிக்கற அமைப்புக்கு உண்மையை சொன்னதுக்காக உங்களைப் பழிவாங்கக்கூடாதுன்னு லேபர் கோட் 1102.5 இருக்கு, அதையும் குறிச்சு வெச்சுக்கோங்க. பில்லு காப்பி எதையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, அழிக்கவும் அழிக்காதீங்க. ஜூரி கேட்டா அவங்களே சிட்டிகிட்ட வாங்கிப்பாங்க. போறப்ப ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, நாங்க உக்காந்த ரூம்ல ஏசி அநியாயத்துக்கு குளிரும்.